5060 டிஐ கார்டு போட பழைய 500 வாட் பவர் சப்ளை தாங்குமா?

ஆயர்_ஈத்தாம் கேட்டது:

வணக்கம். வீட்டு டெஸ்க்டாப்பில் ரைசன் 5 5600, 16 ஜிபி ராம், ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி, ஒரு 2 டிபி ஹார்ட் டிஸ்க் இருக்கு. கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாத்தி ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ போடலாம்னு இருக்கேன். பவர் சப்ளை கேஸோடு சேர்ந்து வந்த 500 வாட். பினாங்கு கொம்தார் பக்கம் ஒரு கடையில் "இதுவே போதும்"னு சொல்றாங்க. பக்கத்துக் கடையில் "850க்குக் கீழே வாங்கவே வாங்காதே"ங்கிறாங்க. எதை நம்புறதுன்னு தெரியல.

ஸ்டிக்கரில் உள்ளது இதுதான்: +3.3 வோல்ட் 20 ஆம்ப், +5 வோல்ட் 18 ஆம்ப், இரண்டும் சேர்த்து 120 வாட். +12 வோல்ட் 1 என்று 16 ஆம்ப், +12 வோல்ட் 2 என்று 14 ஆம்ப், இரண்டும் சேர்த்து 336 வாட். -12 வோல்ட் 0.3 ஆம்ப். +5 வோல்ட் ஸ்டேண்ட்பை 2.5 ஆம்ப். மேலே பெரிய எழுத்தில் 500 வாட். 80 பிளஸ் (மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான சான்று) சின்னம் எதுவும் இல்லை.

இன்னொரு சந்தேகம். வெறுங்காலோடு தரையில் நின்னு கேஸைத் தொட்டா விரல் நுனியில சுர்ருனு இருக்கு. இது பவர் சப்ளை கெட்டுப்போறதுக்கு அறிகுறியா? பட்ஜெட் 350 ரிங்கிட் வரைக்கும்.

செந்தூல்_அசெம்பிளி:

ஸ்டிக்கரை முழுசா எழுதினீங்களே, அதிலேயே பதில் இருக்கு தம்பி.

இன்றைய கணினியில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. 3.3, 5 வோல்ட் வரிகளில் எஸ்எஸ்டி, யுஎஸ்பி, போர்டில் உள்ள சில சில்லறைச் சிப்புகள், அவ்வளவுதான். அதனால் பெட்டியில் போட்ட பெரிய எண்ணை விட்டுவிட்டு 12 வோல்ட்டுக்கு நேரே உள்ளதைப் பாருங்கள். உங்களுடையது 336 வாட், அதாவது 28 ஆம்ப். 16ஐயும் 14ஐயும் கூட்டி 30 ஆம்ப் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவை தனித்தனி உச்ச வரம்பு, சேர்ந்து தரக்கூடியது 28தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: 336, 120, 3.6, 12.5 எல்லாவற்றையும் கூட்டினால் 472 வாட்தான் வருகிறது. தன் ஸ்டிக்கரிலேயே 500ஐ எட்டாத பவர் சப்ளை அது. நல்ல 550 வாட் யூனிட்டில் 12 வோல்ட் வரி மட்டும் 45 ஆம்ப், 540 வாட் என்று இருக்கும். பெட்டி எண்ணும் 12 வோல்ட் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், உள்ளே முழு மின்சாரத்தையும் முதலில் 12 வோல்ட்டாக்கி, அதிலிருந்து 5, 3.3 வோல்ட்டைச் சிறிய டிசி-டிசி போர்டில் பிரித்தெடுக்கிறார்கள் என்று அர்த்தம். உங்களுடையதைப் போல 12 வோல்ட் எண் பெட்டி எண்ணைவிட மிகக் குறைந்த யூனிட்டுகள் பெரும்பாலும் 12ஐயும் 5ஐயும் ஒரே சுருளில் கட்டிப்போட்ட பழைய வடிவமைப்பு. அதில் 12 வோல்ட்டில் லோடு ஏறி 5 வோல்ட் சும்மா இருந்தால், 12 கீழே இறங்கும், 5 மேலே ஏறும். கேம் ஓடும் கணினியில் நடப்பது அச்சு அசல் இதேதான்.

இனி கணக்கு. 5600க்கு 65 வாட் என்று போட்டிருந்தாலும் சாக்கெட்டில் அதைவிட அதிகமாக இழுக்க ஏஎம்டி அனுமதிக்கிறது. 65, 105, 120 என்று போட்டிருந்தால் பொதுவாக 1.35ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 88, 142, 162 வரும். சில சிப்புகளுக்கு வரம்பு இதைவிடக் குறைவு, ஆனாலும் பாதுகாப்புக்கு 88 என்றே வைப்போம். 5060 டிஐக்கு 180 வாட். போர்டு, ராம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து 50, 60. மொத்தம் 330 வாட் பக்கம், அதில் பெரும்பகுதி 12 வோல்ட்டில். உங்கள் 28 ஆம்பின் விளிம்பில் போய் நிற்கிறது.

விளிம்பில் நின்றாலும் ஓடுமே என்று தோன்றும். ஓடாது, காரணம் இது: கார்டு சராசரியாக 180 வாட் எடுத்தாலும், மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரத்துக்கு அதைவிட மிக அதிகமாக இழுக்கும். அந்த நொடித்துளியில் 12 வோல்ட் 11.4க்குக் கீழே சரிந்தாலோ, பாதுகாப்புச் சுற்று அதை ஷார்ட் என்று நினைத்தாலோ, நீலத்திரை கூட வராமல் கணினி சட்டென்று அணைந்து மறுபடி எழும். விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று மட்டும் பதிவாகியிருக்கும். பலர் இதைப் பார்த்து கார்டையே குறை சொல்லி வாரன்டிக்கு அனுப்புகிறார்கள்.

ஆகவே பழையதை வைத்துக்கொண்டு 5060 டிஐ போடாதீர்கள். உங்கள் செட்டுக்கு நல்ல 550 போதும், 650 தாராளம். இந்தக் கார்டுக்கு என்விடியாவே 600 வாட் என்று போட்டிருக்கிறது. அது எந்தப் பிராசசர், எவ்வளவு மட்டமான பவர் சப்ளை என்று தெரியாமல் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வது, அதிலேயே இடைவெளி வைத்திருக்கிறார்கள்.

பட்ஜெட்டுக்குள் பார்க்க வேண்டியவை: 12 வோல்ட் ஒரே வரியாக 45 ஆம்புக்கு மேல். உள்ளீடு 100-240 வோல்ட் என்று அச்சிட்டது, இதில் ஆக்டிவ் பிஎஃப்சி (சுவர் மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) இருக்கும். பின்னால் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் உள்ள பழைய வகையைத் தொடவே வேண்டாம். நம்ம ஊர் 230 வோல்ட்டில் யாராவது அதை 115க்குத் தள்ளிவிட்டால், போட்ட கணமே வெடிச்சத்தம்தான். பாதுகாப்பில் ஓவர் கரன்ட், ஓவர் பவர், ஓவர் டெம்பரேச்சர் மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். மலிவு யூனிட்டுகளில் முதலில் விட்டுவிடுவது ஓவர் டெம்பரேச்சரைத்தான். முழு வாட்டையும் எத்தனை டிகிரியில் தரும் என்று பாருங்கள். 40 அல்லது 50 என்று தயாரிப்பாளர் எழுதியிருந்தால் நல்லது. 80 பிளஸ் சோதனை நடப்பது 23 டிகிரியில். ஏர்கான் இல்லாத பினாங்கு அறை மதியத்தில் 32 டிகிரி என்றால் கேஸுக்குள் இருக்கும் காற்று 40ஐத் தொடும். கெப்பாசிட்டர் 105 டிகிரி தரமா என்பதும் இதற்காகத்தான். 85 டிகிரி வகையைவிட வெப்பத்தில் பல மடங்கு நாள் தாங்கும், ஏனென்றால் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது.

80 பிளஸில் பிரான்ஸ் (வெண்கலம்), கோல்ட் (தங்கம்) என்ற தரங்களெல்லாம் மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டும் சொல்லும். வோல்ட்டேஜ் ஆடாமல் நிற்குமா, ஷார்ட் ஆனால் அணைந்துவிடுமா என்பதற்கு அந்தச் சின்னம் சாட்சி அல்ல. அதைவிட வாரன்டி எனக்கு நம்பகமான அளவுகோல். 5 வருடத்துக்குக் குறைந்ததை உங்கள் கார்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், 7 அல்லது 10 கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது உள்ளூர் விநியோகஸ்தர் ஸ்டிக்கர் பவர் சப்ளை உடம்பில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஷோப்பி ஆன்லைன் கடையில் வெளிநாட்டிலிருந்து நேரே வருவதில் அது இருக்காது. பழுதானால் ஒன்றரை, இரண்டு கிலோ சாமானை உங்கள் செலவில் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

விரல் சுர்ரென்பதற்கு வயரிங் தெரிந்தவர் யாராவது பதில் சொல்லட்டும். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸ்_பிசி:

650 என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பவர் சப்ளை பாதி லோடில்தான் அதிகத் திறனோடு வேலை செய்யும். 330 வாட் செட்டுக்கு 650 சரி, ஆனால் நாளைக்கு பெரிய கார்டு மாற்றினால்? 850 கோல்டாக ஒரேயடியாக வாங்கிவிட்டால் கரன்ட் பில்லும் குறையும், மறுபடி செலவும் இல்லை.

செந்தூல்_அசெம்பிளி:

பெரிய கார்டு என்ற காரணம் நியாயமானது. 5070 டிஐ போகும் எண்ணம் இருந்தால், அது 300 வாட் கார்டு, 750 வாட் வாங்கலாம். அப்போது ஏடிஎக்ஸ் 3.1 (பவர் சப்ளைக்கான புதிய தரம்) என்று போட்டு, பெரிய கார்டுக்கான 16 பின் கேபிள் கூடவே வரும் யூனிட்டாகப் பாருங்கள். இப்போதைய 5060 டிஐகளில் பெரும்பாலானவை பழைய 8 பின் ஒன்றோடு ஓடுபவை, அதற்கு 3.1 கட்டாயம் இல்லை.

பில் குறையும் என்பதுதான் கணக்குக்கு நிற்காது. கோல்டுக்கான 115 வோல்ட் வரம்பு 20, 50, 100 சதவீத லோடில் முறையே 87, 90, 87. பாதி லோடுக்கும் முழு லோடுக்கும் இடையில் 3 புள்ளிதான் வித்தியாசம். மறுபக்கம் பாருங்கள்: இந்த மாதிரி செட் பிரௌசர் திறந்து சும்மா இருக்கும்போது 50, 60 வாட்தான் எடுக்கும். 850இல் அது 7 சதவீதம். கோல்ட் தரம் எந்த வாக்குறுதியும் தராத பகுதி அது, திறன் அங்கேதான் சறுக்குகிறது. பெரும்பாலான வீட்டுக் கணினிகள் அதிக நேரம் கழிப்பதும் அங்கேதான்.

பிரான்ஸா கோல்டா என்பதற்கும் இதே கணக்கு. 300 வாட் லோடில் பிரான்ஸ் 85 சதவீதம் என்றால் சுவரிலிருந்து 353 வாட், கோல்ட் 90 என்றால் 333. வித்தியாசம் 20 வாட். தினமும் 4 மணி நேரம் கேம் என்றால் வருடத்துக்கு 29 யூனிட். யூனிட் 40 சென் என்று போட்டாலும் 50 சென் என்று போட்டாலும் 12லிருந்து 15 ரிங்கிட்டுக்குள். விலை வித்தியாசம் 100 ரிங்கிட் என்றால் அதை பில்லில் மீட்க ஏழெட்டு வருடம். கோல்ட் வாங்குவதற்கு உண்மையான காரணம் வேறு: 20 வாட் குறைந்த சூடு, மெதுவாகச் சுற்றும் ஃபேன், பொதுவாக அந்த விலையில் கிடைக்கும் நல்ல உள்ளமைப்பு.

பட்டர்வொர்த்_வயரிங்:

விரல் சுர்ரென்பதற்கு வருகிறேன். பவர் சப்ளை கெட்டுப்போகவில்லை. உங்கள் கேஸுக்கு எர்த் இல்லை.

ஒவ்வொரு பவர் சப்ளையின் வாசலிலும் ஒரு ஃபில்டர் உண்டு. அதில் லைவுக்கும் உடம்புக்கும் இடையே ஒரு சிறு கெப்பாசிட்டர், நியூட்ரலுக்கும் உடம்புக்கும் இடையே இன்னொன்று. எர்த் வயர் இருந்தால் அதில் கசியும் துளி மின்சாரம் நேரே தரைக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் கேஸ் இரண்டுக்கும் நடுவில் தொங்கி, 230இன் பாதியில், ஏறக்குறைய 115 வோல்ட்டில் நிற்கும். ஒரு மில்லிஆம்புக்கும் குறைவாக இருப்பதால் சுர்ரென்பதோடு போகிறது. ஆனால் உள்ளே லைவ் வயர் எப்போதாவது உடம்பைத் தொட்டுவிட்டால் அதே கேஸ் முழு 230 வோல்ட்டில் நிற்கும். எர்த் வழியாகப் பெரிய மின்சாரம் ஓடினால்தான் பிரேக்கர் விழும். எர்த் இல்லையென்றால் அந்த வழி உங்கள் உடம்பு.

முதலில் பிளக்கைப் பாருங்கள். நம் சாக்கெட்டுக்கு உரியது மூன்று சதுரக் காலுள்ள 13 ஆம்ப் பிளக். ஆன்லைனில் வாங்கும் சாமானோடு உருண்டை இரண்டு கால் பிளக் வரும். அதை மட்டமான அடாப்டரில் சொருகினால், அல்லது பேனா முனையால் எர்த் துளையின் மூடியைத் திறந்து நேரே திணித்தால், எர்த் எங்கேயும் தொடாது. அந்த வகைப் பிளக்கில் எர்த் கால்களுக்குப் பக்கவாட்டில் உள்ள தகட்டில் இருக்கிறது, அது நம் சாக்கெட்டில் எதையும் தொடுவதில்லை. அடுத்து கேபிள் உறையில் அச்சிட்டிருப்பதை வெளிச்சத்தில் சாய்த்துப் படியுங்கள். 3ஜி 0.75 அல்லது 3ஜி 1.0 என்றால் உள்ளே மூன்று வயர், ஒன்று பச்சை-மஞ்சள். 2 என்று தொடங்கினால் எர்த் வயரே இல்லை, தூக்கி எறியுங்கள். சிரிம் (மலேசியத் தரச் சான்று அமைப்பு) முத்திரை உள்ள பிளக்கும் எக்ஸ்டென்ஷனும் கேட்டு வாங்குங்கள்.

கேபிள் சரியாக இருந்தும் சுர்ரென்றால் சுவர் சாக்கெட்டில் சிக்கல். மூன்று விளக்குள்ள சாக்கெட் டெஸ்டர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். எர்த் முழுவதும் அறுந்திருந்தால் அது காட்டிவிடும். எர்த் இருந்தும் துருவேறி ரெசிஸ்டன்ஸ் கூடியிருந்தால் காட்டாது, பழைய வீடுகளிலும் கடலோர வீடுகளிலும் அப்படி நடக்கும். அதற்கு எர்த் டெஸ்டர் வைத்திருக்கும், எரிசக்தி ஆணையத்தில் பதிவான வயர்மேன் வர வேண்டும்.

சிலர் கணினியைப் போட்டதும் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் அணைக்கும் பிரேக்கர்) விழுகிறது என்று எர்த் காலை வெட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி 15க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், தண்ணீர் ஹீட்டர் எல்லாவற்றின் கசிவும் சேர்ந்து ஏற்கனவே அந்த எல்லையில் நின்றால், கணினியின் துளிக் கசிவு அதைத் தள்ளிவிடுகிறது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து அதிகம் கசிவது எதுவென்று கண்டுபிடியுங்கள், பெரும்பாலும் ஹீட்டர்தான்.

இடி விஷயமும் இதோடு சேர்ந்தது. சர்ஜ் புரடெக்டர் உபரி வோல்ட்டேஜில் ஒரு பகுதியை எர்த்துக்குத் திருப்பிவிடுவது. எர்த் இல்லாத வீட்டில் அதன் பாதி வேலை நடக்காது. இடி பலமாக இருந்தால் பிளக்கோடு ரூட்டரிலிருந்து வரும் லேன் கேபிளையும் கழற்றுங்கள். ஃபைபர் வயர் மின்சாரம் கடத்தாது, ஆனால் ரூட்டரின் அடாப்டர் வழியாக ஏறியது லேன் கேபிளில் போர்டுக்குள் வரும். பவர் சப்ளை பிழைத்து மதர்போர்டின் நெட்வொர்க் சிப் மட்டும் செத்துப்போவது இப்படித்தான்.

ஆயர்_ஈத்தாம்:

ரொம்ப நன்றி அண்ணே. பிளக் நீங்க சொன்ன அதே உருண்டை இரண்டு கால்தான், அடாப்டரில் சொருகியிருக்கு. இன்னிக்கே மாத்துறேன்.

இன்னும் ஒரு கேள்வி. பழைய சாமான் விற்கிற கரோசெல் தளத்தில் ஒருத்தர் 750 வாட் ஃபுல் மாடுலர் (எல்லாக் கேபிளும் கழற்றக்கூடியது) கோல்ட் ஒன்னு 180 ரிங்கிட்டுக்குப் போட்டிருக்கார், பெட்டி இல்லை, ரசீது இல்லை, ஹார்ட் டிஸ்குக்கு மின்சாரம் தர்ற சாட்டா கேபிள் காணோமாம். நண்பர்கிட்ட வேற பிராண்டு மாடுலரோட உபரி சாட்டா கேபிள் இருக்கு, பின் எண்ணிக்கை ஒன்னுதான். அதைச் சொருகிக்கலாமா?

பாயான்_லெப்பாஸ்_லேப்:

சொருகாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் "முயன்று பார்ப்போம்" என்பதே கிடையாது.

டிஸ்க் பக்கம் உள்ள சாட்டா கனெக்டருக்கு உலகப் பொதுத் தரம் உண்டு. பவர் சப்ளை பக்கம் உள்ள சாக்கெட்டுக்கு எந்தத் தரமும் இல்லை, ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டப்படி வரிசை வைக்கிறார். 6 பின் சாக்கெட் கச்சிதமாகப் பொருந்தும், க்ளிக் என்று பூட்டிக்கொள்ளும். ஆனால் ஒன்றில் 5 வோல்ட் இருக்கும் இடத்தில் மற்றதில் 12 வோல்ட் இருக்கலாம். சுவிட்ச் போட்ட நொடியில் டிஸ்க் போர்டில் உள்ள சிறு பாதுகாப்பு டையோடு கருகி, அதோடு ஹார்ட் டிஸ்க் பேசாது. ஒரே பிராண்டின் இரண்டு மாடல்களுக்குள் கூட வரிசை மாறியிருப்பது உண்டு. தயாரிப்பாளர் வெளியிட்ட கேபிள் பட்டியலில் இரண்டு மாடலும் ஒரே வகை என்று இருந்தால் மட்டும் மாற்றலாம். மல்டிமீட்டரில் பின்னுக்குப் பின் தொடர்ச்சி பார்த்து உறுதிசெய்பவர்களும் உண்டு, ஆனால் அந்த வரைபடமே கையில் இல்லாதவருக்கு இது வேலைக்கு ஆகாது.

பழைய நான்கு பின் மோலெக்ஸ் கனெக்டரிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் அடாப்டர் யோசனையும் வேண்டாம், குறிப்பாக கனெக்டரின் முதுகு முழுவதும் ஒரே பிளாஸ்டிக்காக வார்த்தது. உள்ளே மெல்லிய வயர்கள் பிளாஸ்டிக்குக்குள் நெருங்கி, நாளடைவில் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். சாட்டாவிலிருந்து கிராபிக்ஸ் கார்டு 8 பின்னுக்கு மாற்றுவது அதைவிட மோசம். ஒரு சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் 4.5 ஆம்ப், 54 வாட்டுக்குத்தான். 8 பின் கேட்பதோ 150 வாட்.

ரசீது இல்லாத பழைய பவர் சப்ளையை 180 கொடுத்து வாங்குவதற்குப் பதில், அந்தப் பணத்தோடு கொஞ்சம் போட்டுப் புது 650ஆக வாங்குவதுதான் என் பரிந்துரை. விற்பவர் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால் சேர்த்து ஃபேன் சுற்றுவதைக் காட்டுவார். அது எழுந்திருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அத்தாட்சி. லோடில்லாமல் 12 வோல்ட் எப்போதும் அழகாகத்தான் காட்டும். கேம் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்து 11.4லிருந்து 12.6க்குள் நிற்கிறதா என்று பார்த்தால்தான் பேச்சு. எக்காரணம் கொண்டும் பவர் சப்ளையைத் திறந்து பார்க்காதீர்கள். உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 380 வோல்ட் அளவு நேர் மின்சாரம், பிளக்கைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் தங்கியிருக்கும்.

ஆயர்_ஈத்தாம்:

சரி, புது 650 வாங்கிடறேன். நானே மாட்டலாமா? எதைக் கவனிக்கணும்?

செந்தூல்_அசெம்பிளி:

தாராளமாக மாட்டலாம், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும். பழைய கேபிள் ஒன்றையும் கேஸில் விட்டுவைக்காமல் எல்லாவற்றையும் கழற்றுங்கள், பவர் சப்ளை பக்கத்து பின் வரிசை மாறும் என்று மேலே லேப் அண்ணன் சொன்ன காரணம்தான். பவர் சப்ளை கேஸின் அடியில் உட்காருவதாக இருந்து, கீழே காற்றுத் துளையும் ஃபில்டரும் இருந்தால் ஃபேன் கீழ்நோக்கி இருக்கட்டும். அடியில் துளையே இல்லாத கேஸ் என்றால் மேல்நோக்கி.

கவனம் தேவைப்படும் இடம் ஒன்றுதான். பிராசசருக்கான 8 பின் நான்கு நான்காகப் பிரியும், கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் ஆறும் இரண்டுமாகப் பிரியும். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் எதிர் எதிர் வரிசையில் இருக்கும். பின் வடிவம் பொருந்தாமல் தடுக்கும், அந்த இடத்தில் கையால் அழுத்தித் திணித்தால் நேரடி ஷார்ட். கேபிளில் சிபியு, பிசிஐ-இ என்று பொறித்திருப்பதைப் படித்துவிட்டுச் சொருகுங்கள். 24 பின் கனெக்டரை போர்டின் விளிம்பை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, கொக்கி விழும் சத்தம் கேட்கும்வரை தள்ளுங்கள். அரைகுறையாக உட்கார்ந்த கனெக்டர்தான் பிறகு சூடேறி பிளாஸ்டிக் பழுப்பாகும். கார்டின் 8 பின்னையும் அதேபோல் முழுதாக உட்கார வைத்து, கேபிளைக் கார்டு வாயிலேயே மடக்காமல் மூன்று விரல் அளவு நேரே விட்டு வளையுங்கள்.